அறிவியல் புனைவு நாவலின் அத்தியாயங்களுக்குத் தலைப்பு வைப்பது எப்படி? சிங்கப்பூரில் முதல் நாவல் எழுதுபவர்களுக்கு

நாவலை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் வாரத்தில்தான் பலரும் அத்தியாயத் தலைப்புகளை யோசிக்க உட்காருகிறார்கள். நீங்களும் அந்த நிலையில் இருந்தால் அச்சகத்தாரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டுவிட்டு இதைப் படியுங்கள். என் முதல் அறிவியல் புனைவு நாவலோடு நான் மல்லுக்கட்டியபோது, கதாபாத்திரம், நடை, முடிவு என்று எதைப் பற்றிக் கேட்டாலும் சொல்லித்தர ஆள் இருந்தார்கள். தலைப்பு என்றால் மட்டும் "அது கடைசியில் வச்சிக்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது. ஆனால் அந்த இருபது, முப்பது சொற்கள் பொருளடக்கம், பக்கத் தலை (ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வரும் வரி), மின்னூலின் வழிசெலுத்தல், அச்சுச் செலவு என்று எல்லா இடத்துக்கும் போகின்றன. அறிவியல் புனைவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாசகர் தனக்குத் தெரியாத ஓர் உலகத்துக்குள் நுழைகிறார், அங்கே கால் வைக்க அவருக்குக் கிடைக்கும் முதல் இடம் தலைப்புதான்.

கீழே இருப்பது வேலை செய்ய வேண்டிய வரிசை. முன்பின்னாக மாற்றினால் செலவு கூடும்.

1. தலைப்பு வேண்டுமா, எண் போதுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சொற்களைப் பிறகு தேடலாம். முறையை மட்டும் முதல் மூன்று அத்தியாயங்கள் எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் முறை கதையின் கட்டமைப்போடு ஒட்டியது. ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' நாவலில் அத்தியாயங்களுக்கு எண் மட்டும்தான். உள்ளே வரும் குறிப்பேட்டுப் பதிவுகளில் செவ்வாயின் நாள் கணக்கு இருக்கிறது, எத்தனையாவது நாள் என்பதே அந்த மனிதனின் ஆபத்தைச் சொல்லிவிடுகிறது. அர்சுலா லெ க்வினின் 'தி டிஸ்பொசஸ்டு' இரண்டு உலகங்களுக்கு இடையே மாறிமாறிப் போகும் நாவல், அத்தியாயத் தலைப்புகளும் அந்த உலகங்களின் பெயர்கள்தான். இரண்டிலும் அலங்காரம் இல்லை. வாசகர் தொலைந்துபோகாமல் இருக்க எது தேவையோ அது மட்டும் இருக்கிறது.

உங்கள் கதையில் வாசகர் எதில் தொலைந்துபோவார்? காலத்திலா, இடத்திலா, யார் பேசுகிறார்கள் என்பதிலா? காலம் என்றால் தேதி வையுங்கள், இடம் என்றால் இடப்பெயர், குரல் என்றால் பேசுபவரின் பெயர். இந்த மூன்றிலும் குழப்பம் வராத நேர்கோட்டுக் கதை என்றால்தான் படைப்பூக்கத்தோடு சொற்களைக் கொண்டு தலைப்பு வைக்கும் சுதந்திரம் முழுதாகக் கிடைக்கும். கலந்தும் செய்யலாம், ஆனால் கலவைக்கும் ஒரு விதி வேண்டும். பாதி அத்தியாயங்களுக்குத் தேதி, மீதிக்குக் கவிதை வரி என்று இருந்தால் வாசகர் அதில் ஏதோ மர்மம் இருப்பதாக நினைத்துத் தேடுவார், கடைசியில் ஏமாந்துபோவார்.

2. தலைப்புத் தாள் ஒன்றைத் திறங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு விரிதாள், ஆறு கட்டங்கள்: அத்தியாய எண், தற்காலிகத் தலைப்பு, இறுதித் தலைப்பு, அந்தத் தலைப்பு அத்தியாயத்துக்குள் எந்த வரியிலிருந்து வந்தது, அது எந்த ரகசியத்தைத் தொடுகிறது, எழுத்துக்கூட்டல் குறிப்பு.

கடைசிக் கட்டம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அறிவியல் புனைவில் நாமே உருவாக்கும் சொற்கள் நிறைய. விண்கலமா விண்ணூர்தியா, செவ்வாய்க் கோளா செவ்வாய்க் கிரகமா, ரோபோவா எந்திரனா என்று ஒன்றை முடிவு செய்து அங்கே எழுதிவையுங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்பதையும் எழுதுங்கள். பிழைதிருத்துபவர்கள் உரையைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். தலைப்புகளைத் தாண்டிப் போவது சாதாரணமாக நடக்கிறது, பெரிய எழுத்தில் இருப்பதாலேயே கண் அதைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

3. தலைப்பை அத்தியாயத்துக்குள்ளிருந்தே எடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தின் தொடக்கத் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள்: 'ஆடித்திருநாள்', 'ஆழ்வார்க்கடியான் நம்பி', 'விண்ணகரக் கோயில்', 'கடம்பூர் மாளிகை'. ஒரு நாள், ஓர் ஆள், இரண்டு இடங்கள், அவ்வளவுதான். அவை நம்மை உள்ளே இழுப்பதற்குக் காரணம், ஆடித்திருநாள் என்றால் என்ன, கோயில் என்றால் என்ன, மாளிகை என்றால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரியும். இதைப் படித்து வளர்ந்த நாம் அதே பழக்கத்தில் அறிவியல் புனைவுக்கும் 'ஸெரான் நிலையம்', 'தளபதி வோரிக்' என்று வைக்கிறோம். வாசகருக்கு ஸெரானும் தெரியாது, வோரிக்கும் தெரியாது. அந்தத் தலைப்பு அவருக்கு எதையும் கொடுப்பதில்லை. நீங்கள் உருவாக்கிய பெயர்களைத் தலைப்பில் வைக்கலாம், ஆனால் அந்தப் பெயர் முந்தைய அத்தியாயங்களில் வாசகரின் மனத்தில் எடை பெற்ற பிறகு வையுங்கள். முதல் ஐந்து அத்தியாயங்களில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் என்னதான் வைப்பது? நம்மிடமே ஒரு நல்ல முறை இருக்கிறது. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பாட்டுக்குள் வரும் தொடர் ஒன்றுதான் பெயர்: 'புண்ணுமிழ் குருதி', 'பூத்த நெய்தல்' என்று. குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவர்களையே அவர்கள் பாட்டிலிருந்து எடுத்த தொடரால் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று அழைக்கிறோம். அதே முறையை அத்தியாயத்துக்கும் வைத்துப் பாருங்கள். எழுதி முடித்த அத்தியாயத்தை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்து, கொஞ்சம் விநோதமாகவும் ஆனால் புரியும்படியாகவும் இருக்கிற இரண்டு மூன்று சொல் தொடர்களை அடிக்கோடிடுங்கள். ஓர் அத்தியாயத்தில் நான்கைந்தாவது கிடைக்க வேண்டும். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் குறை தலைப்பில் இல்லை, அத்தியாயத்தின் மொழி தட்டையாக இருக்கிறது, அதைத் திருத்துங்கள்.

அடிக்கோடிட்டவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? படிக்கும் முன் ஒரு பொருளும் படித்த பின் இன்னொரு பொருளும் தருவதை. ஓர் உதாரணம். செவ்வாயில் மகள், தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் அம்மா. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு சமிக்ஞை ஒரு வழியாகப் போகவே, இரண்டும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். 'இருபத்திரண்டு நிமிடம்' என்று தலைப்பு வைத்தால் வாசகர் முதலில் ஏதோ கெடு என்று நினைப்பார். அம்மா "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்கும் காட்சி வந்ததும் அந்த எண்ணுக்கு வேறு கனம் வந்துவிடும். இங்கே இயற்பியலே தலைப்பைக் கொடுத்துவிட்டது. உங்கள் நாவலில் இருக்கும் அறிவியல் உண்மைகளைத் தனியாகப் பட்டியல் போட்டுப் பாருங்கள், அவற்றில் எது ஒரு மனிதரின் வாழ்க்கையை நேரடியாகத் தொடுகிறதோ அங்கே ஒரு தலைப்பு இருக்கும்.

திணையைப் பயன்படுத்துவதும் எனக்குப் பிடித்த வழி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து பகுதிகளாக ஒரு கோளின் நிலப்பரப்பைப் பிரிக்கலாம். ஒரு நாளைப் பிரிக்கும் சிறுபொழுதுகள் ஆறு இருக்கின்றன: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடத்துக்குச் சற்று அதிகம், அதாவது நம் பொழுதுகள் அங்கே கொஞ்சம் நீண்டு உட்காரும், அதைக் கதையிலேயே பயன்படுத்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பாலை என்று வெறும் மணலுக்குப் பெயர் வைத்துவிட்டு அந்த அத்தியாயத்தில் பிரிவே இல்லை என்றால், சங்கப் பாட்டு தெரிந்த வாசகர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். உரிப்பொருளும், அதாவது அந்தத் திணைக்கு உரிய உணர்வும், பொருந்த வேண்டும்.

'யாதும் ஊரே' என்பதை விட்டுவிடுங்கள். அருமையான வரி, ஆனால் விண்வெளி என்றதும் எல்லார் கையும் அங்கேதான் போகிறது. புறநானூற்றில் அதே 192ஆம் பாட்டில் நீர்வழிப்படும் புணை இருக்கிறது. ஆற்று நீரின் போக்கில் அடித்துச் செல்லப்படும் தெப்பம், இயந்திரம் பழுதாகி மிதக்கும் கலத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? புகழ்பெற்ற வரிக்கு இரண்டு வரி தள்ளித் தேடுங்கள்.

சிங்கப்பூர் இடப்பெயர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 'என்இ7' என்று தலைப்பு வைத்தால் இங்கே ரயிலில் போய்வரும் வாசகருக்கு லிட்டில் இந்தியா நிலையம் உடனே தெரியும். மதுரையில் வாங்கிப் படிப்பவருக்கு அது ஓர் எந்திரத்தின் பெயர். இதற்காக இடத்தை மாற்றத் தேவையில்லை, துவாஸும் பூலாவ் உபினும் நம் கதைகளில் தாராளமாக வரட்டும். தலைப்பில் வைத்தால், அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே வெளியூர் வாசகருக்குப் பிடிமானம் கிடைக்கும்படி எழுதிவிடுங்கள். அடிக்குறிப்பு போடாதீர்கள், கதையின் ஓட்டம் நின்றுவிடும்.

4. ரகசியத்தைப் பொருளடக்கம் உடைத்துவிடக் கூடாது

வாசகர் பொருளடக்கத்தை முதலில் பார்ப்பார். 'கேப்டன் ஒரு ரோபோ' என்று பதினெட்டாவது தலைப்பு இருந்தால் மீதி பதினேழு அத்தியாயமும் வீண். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் நுழைவது வேறு வகை: ஒரு கதாபாத்திரத்தின் பெயரில் ஐந்து அத்தியாயம் இருந்து, ஆறாவதாக வர வேண்டிய இடத்தில் அந்தப் பெயர் இல்லை என்றால் அவர் இறந்துவிட்டார் என்பது தெரிந்துவிடும். 'மீண்டும்', 'கடைசி', 'திரும்பிய' போன்ற சொற்களும் அப்படியே.

அதற்காக எல்லாவற்றையும் மறைக்கவும் வேண்டாம். எச்.ஜி. வெல்ஸ் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலின் இரண்டாம் பகுதிக்கு, பூமி செவ்வாய்வாசிகளின் பிடியில் இருக்கிறது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். மனிதர்கள் தோற்றார்கள் என்று தெரிந்தும் நாம் படிக்கிறோம், எப்படித் தப்பிப்பார்கள் என்ற கேள்வி மிச்சம் இருப்பதால். என்ன நடந்தது என்பதைச் சொல்லலாம், அதற்குப் பின்னால் இன்னும் பெரிய கேள்வி ஒன்று காத்திருந்தால். தலைப்புத் தாளின் ஐந்தாவது கட்டம் இதற்குத்தான்.

5. கடன் வாங்கிய வரிகளுக்கு அனுமதிக் கடிதம்

தலைப்புக்குக் கீழே ஒரு சினிமாப் பாட்டு வரி, ஒரு புதுக்கவிதை வரி என்று போட ஆசை வரும். சங்கப் பாடல்களுக்கும் குறளுக்கும் யாரையும் கேட்க வேண்டாம். சமகாலப் பாடலாசிரியர், கவிஞர் என்றால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சிங்கப்பூரில் இலக்கியப் படைப்புக்கான காப்புரிமை பொதுவாக எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கிறது. உரிமை பாடலாசிரியரிடம் இருக்கிறதா, இசை நிறுவனத்திடமா, குடும்பத்திடமா என்று கண்டுபிடிக்கவே நாளாகும், பதில் வராமலும் போகலாம். எனவே அச்சுக்குப் போகும் தேதிக்குப் பல மாதம் முன்பே கேளுங்கள், வராவிட்டால் அந்த வரி இல்லாமலும் அத்தியாயம் நிற்கும்படி எழுதுங்கள். வாய்மொழியாக "போட்டுக்குங்க" என்று சொன்னாலும் ஒரு மின்னஞ்சலில் உறுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

6. பொருளடக்கத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள்

நாவலைப் படிக்காத இரண்டு மூன்று பேரிடம் தலைப்புப் பட்டியலை மட்டும் கொடுத்து, என்ன கதை என்று ஊகிக்கச் சொல்லுங்கள். நூலகங்களில் கூடும் வாசகர் வட்டங்களில் இதற்கு நேரம் ஒதுக்கும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே கேட்டால் போதும். எந்தத் தலைப்பில் கை நின்றது, எது எதையும் தரவில்லை, முடிவை ஊகித்தார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். விளக்கம் தேவைப்படுகிற தலைப்பு எது என்று அந்த இடத்தில்தான் தெரியவரும்.

7. லேஅவுட் (பக்க வடிவமைப்பு): காசு போகும் இடம்

இதற்கு முன் தலைப்புகளைப் பூட்டிவிட வேண்டும். பூட்டுவது என்றால், தலைப்புத் தாளின் இறுதிப் பிரதியைத் தேதி போட்டு லேஅவுட் செய்பவருக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதில் கை வைக்காமல் இருப்பது.

காரணம் கணக்கில் இருக்கிறது. நூல்கள் பொதுவாக 16 பக்கம் கொண்ட ஃபாரம் கணக்கில் அச்சாகின்றன. உங்கள் நாவலில் 24 அத்தியாயங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், ஏறக்குறைய பாதி அத்தியாயங்களுக்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் விழும், அது 12 பக்கம். தலைப்புக்காக மேலே மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டால் இன்னும் 8 பக்கம். மொத்தம் 20 பக்கம், ஒரு ஃபாரத்துக்கும் மேல், அதில் ஒரு வரிக் கதைகூட இல்லை. இந்த இடைவெளி அழகுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை கேட்கும்போது இரண்டு விதமாகவும் பக்க எண்ணிக்கை சொல்லி, இரண்டுக்கும் தனித்தனி விலைப்புள்ளி வாங்குங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம். கணினித் திரையில் ஒரே வரியில் அழகாக நிற்கும் தலைப்பு, நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் வரும்போது இரண்டாக உடையும், பக்கத் தலையில் இடமே போதாமல் வெட்டுப்படும். மூன்று சொல்லுக்கு மேல் போகிற தலைப்புகளுக்குப் பக்கத் தலையில் போட ஒரு சுருக்க வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் லேஅவுட் செய்பவர்கள் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் வெட்டுவார்கள். கைப்பிரதி முழுதும் யூனிகோடில் இருக்கட்டும். தலைப்புக்கு மட்டும் அலங்கார எழுத்துரு வேண்டும் என்று பழைய குறியாக்க எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்புகள் இடம் மாறும், பொருளடக்கம் தானாக உருவாகாது. வேர்டில் எழுதுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தலைப்புக்கும் 'ஹெடிங் 1' பாணியைக் கொடுங்கள். வெறுமனே தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவது போதாது.

வேலை தொடங்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள் அடக்கம், அதற்குப் பிறகு ஒரு சுற்றுக்கு எவ்வளவு, பொருளடக்கமும் பக்கத் தலையும் தானாக மாறுமா அல்லது கையால் மாற்ற வேண்டுமா. கையால் என்றால் ஒரு தலைப்பை மாற்றுவது மூன்று இடத்தில் மாற்றுவதற்குச் சமம், ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

சென்னையில் அச்சிட்டுத் தருவிப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 400 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள சரக்கு இங்கே வரும்போது பொருள் சேவை வரி 9 விழுக்காடு உண்டு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் அந்த மதிப்பில் சேரும். பக்கம் கூடினால் எடை கூடும், எடை கூடினால் அனுப்பும் செலவு கூடும், அதன் மேல் வரியும் கூடும். அந்த 20 பக்கம் இங்கே வரைக்கும் வந்து நிற்கிறது.

8. ஐஎஸ்பிஎன், மின்னூல், நூலகப் பிரதி

நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தேசிய நூலக வாரியத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அச்சு நூலுக்கு ஒன்று, இபப் (EPUB) கோப்பு வடிவ மின்னூலுக்குத் தனியாக இன்னொன்று. நூலின் பெயர், எழுதியவர் பெயர், பதிப்பாளர் விவரம் எல்லாம் இறுதியான பிறகு விண்ணப்பியுங்கள். அத்தியாயத் தலைப்பு ஒன்றையே நூலின் பெயராக வைக்கும் எண்ணம் இருந்தால் அதை இந்தக் கட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிடலாம், அங்கே ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை. வாங்கும் முன் படிக்கக் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களில் பொருளடக்கமும் வரும் என்பதால் நான்காவது படியில் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். மின்னூலின் வழிசெலுத்தல் பட்டியலில் தலைப்புகள் வெறும் எழுத்தாகத்தான் தெரியும். தலைகீழாக அச்சிட்ட தலைப்பு, சொற்களை அடித்துக் காட்டும் தலைப்பு, வேண்டுமென்றே காலியாக விட்ட தலைப்பு எல்லாம் அங்கே காணாமல் போகும். காலியாக விட்ட அத்தியாயத்துக்கு அந்தப் பட்டியலில் மட்டுமாவது ஓர் எண்ணைக் கொடுங்கள், இல்லையென்றால் வாசகரால் அங்கே போகவே முடியாது. வெளியிடும் முன் கைப்பேசியில் திறந்து, ஒவ்வொரு தலைப்பையும் தொட்டு, சரியான இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் வெளியிடும் அச்சு நூலின் இரண்டு பிரதிகளை, வெளியான நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், இது சட்டம். அச்சகத்திலிருந்து வரும் பெட்டியைத் திறந்ததும் அந்த இரண்டையும் தனியே எடுத்துவைத்துவிட்டு, பொருளடக்கத்தில் இருக்கும் பக்க எண்களை உள்ளே இருப்பவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது தவறியிருந்தால் வெளியீட்டு நிகழ்ச்சிக்கு முன் ஒரு திருத்தச் சீட்டு அச்சிட்டுச் செருக நேரம் இருக்கும்.